பாசி தேடிப் போன மனிதர்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, விடுதியின் பின்பக்கச் சுவரைப் பேனாக்கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவ்வழியே வந்த நம் தமிழ் நண்பர் ஒருவர், பொறியியல் படிப்பவர், சற்று நின்று பார்த்தார். சுவரைச் சுரண்டிக் குழம்பு வைக்கப் போகிறாயா என்று கேட்டார். பாசி சேகரிக்கிறேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். முதல் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்திருந்தது. இரண்டாம் கேள்விக்குத் தெரியவில்லை.

தாவரநூல் படிக்க வந்த எனக்கு அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. அந்த நிலையில்தான், வகுப்பில் பெயரளவில் கேட்டிருந்த ஒருவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். அவர் பெயர் ரிச்சர்டு ஸ்புரூஸ். இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த மனிதர் அவர். நீலகிரி மாவட்டத்தில் பிறந்த நான், அவர் செய்த ஒரு காரியத்தின் நிழலிலேயே வளர்ந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பச்சையாய், ஈரமாய் இருப்பதையெல்லாம் நாம் பாசி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். குளத்துப் படியில் வழுக்குவதும் பாசி. கிணற்றுச் சுவரில் பட்டுத் துணிபோல் படர்ந்திருப்பதும் பாசி. தாவரநூலார் இவற்றைப் பிரித்துப் பேசுவர். நீரில் நூல்நூலாக மிதப்பது ஆல்கா. சுவரிலும் பாறையிலும் மெத்தைபோல் வளர்வது மாஸ். அதற்குச் சின்னஞ்சிறு தண்டும் இலையும் உண்டு. மாஸின் நெருங்கிய உறவினர் லிவர்வொர்ட். இவற்றுள் சிலவற்றின் உடல் ஈரலின் மடல்போல் தட்டையாகப் பிளந்து கிடப்பதால் இந்தப் பெயர் வந்தது; நாம் ஈரல் செடி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான ஈரல் செடிகள் தட்டையானவை அல்ல. எறும்புகூடச் சுமக்கத்தக்க சிறு தண்டும், அதன் இரு புறமும் ஓட்டுக்கூரைபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்த இலைகளும் கொண்டவை. இவ்விரு குலத்துக்கும் பூவில்லை, காயில்லை, விதையில்லை. வேர் என்று சொல்லத்தக்க வேரும் இல்லை. வெயிலில் காய்ந்து சுருண்டு செத்ததுபோல் கிடக்கும். ஒரு துளி நீர் பட்டால் மீண்டும் விரியும். இந்தக் கடைசிக் குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஸ்புரூஸ் 1817ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் கேன்தார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். தாய் இளமையிலேயே இறந்துபோனார். தந்தை மறுமணம் செய்துகொண்டார், வீட்டில் பெண் குழந்தைகள் பெருகினர், வருவாய் பெருகவில்லை. ரிச்சர்டுக்கு உடல்நலம் தொடக்கத்திலிருந்தே குறைவு. பல்கலைக் கழகத்தின் வாசலை மாணவராக அவர் மிதித்ததே இல்லை. பல்கலைக் கழகத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நாம் இந்த இடத்தில் சற்று நின்று போவது நல்லது.

பதினாறு வயதில் அவர் தம் ஊரைச் சுற்றி வளரும் செடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் 403 இனங்கள் இருந்தன. இருபது வயதில் எழுதிய அடுத்த பட்டியலில் பூக்கும் செடிகள் மட்டுமே 485. ஆனால் அவருடைய நெஞ்சம் பூக்களிடம் நிற்கவில்லை. பூக்காதவற்றிடம் போய்விட்டது.

வயிற்றுப்பாட்டுக்காக 1839 முதல் யார்க் நகரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தார். வகுப்பறை அவர் உடம்புக்கும் ஒத்துவரவில்லை, உள்ளத்துக்கும் ஒத்துவரவில்லை. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலைக்கும் சதுப்புக்கும் ஓடினார். 1843இல் டீஸ் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில் மூன்று வாரம் தங்கினார். அந்தப் பள்ளத்தாக்கில் நான்கு மாஸ்கள் இருப்பதாகவே அதற்கு முன் அச்சிட்ட நூல் ஒன்று சொல்லியிருந்தது. ஸ்புரூஸ் அங்கே கண்டு எழுதியவை 167 மாஸ்கள், 41 ஈரல் செடிகள். அவற்றுள் ஆறு மாஸ்கள் பிரிட்டனில் அதுவரை எவரும் கண்டிராதவை. அந்தப் பாறைகளின்மேல் ஆயிரம் பேர் நடந்திருப்பார்கள். குனிந்து பார்த்தவர் இவர்.

1844இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. வேலை போயிற்று. மற்றவருக்கு இது இடி; ஸ்புரூஸுக்கு விடுதலை. செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டு விற்றுப் பிழைப்பது என்று துணிந்தார். முன்பணம் கொடுக்க ஒரு தாவர அன்பர் முன்வந்தார். 1845இல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலைக்குப் புறப்பட்டார். பூச்செடிகளை விற்பதற்காகச் சேகரித்தார். மாஸ்களைத் தமக்காகச் சேகரித்தார். ஏறத்தாழ ஓர் ஆண்டு அந்த மலைகளில் உழைத்தார்.

அம்மலையின் மாஸ்களைப் பற்றி அந்நாட்டு அறிஞர் ஒருவர் வெளியிட்ட பட்டியலில் 156 மாஸ்களும் 13 ஈரல் செடிகளுமே இருந்தன. 1849இல் வெளிவந்த ஸ்புரூஸின் கட்டுரையில் 386 மாஸ்களும் 92 ஈரல் செடிகளும் இருந்தன. எண்கள் பெரியவை என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்பதை, விடுதிச் சுவரைச் சுரண்டிய அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு சிட்டிகைப் பச்சையை எடுக்க வேண்டும். காகிதத்தை உறையாக மடித்து அதில் இட வேண்டும். எந்த இடம், எந்த உயரம், பாறையா மரப்பட்டையா மக்கிய கட்டையா, ஈரமா நிழலா என்று உறையின்மேல் அப்போதே எழுத வேண்டும். பிறகு இரவில் விளக்கடியில் நுண்ணோக்கியில் வைத்து, ஓர் இலையின் செல் அறுகோணமா நீளமா, விளிம்பில் பல் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகைக்குள் நான்கைந்து இனங்கள் பின்னிக் கிடக்கும். அவற்றை ஊசியால் பிரிக்க வேண்டும். ஒரு பெயருக்கு ஓர் இரவு போய்விடும்.

1849 ஜூன் மாதம் ஸ்புரூஸ் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அமேசான் ஆற்றுப் பகுதியில் செடி சேகரிப்பது நோக்கம். சந்தா செலுத்திய ஐரோப்பிய அறிஞர்களுக்கு அவர் அனுப்பும் செடிகளைப் பெயரிட்டுப் பங்கிட்டுத் தரப் பெந்தம் என்ற பெரும் தாவரநூலார் ஒப்புக்கொண்டிருந்தார். சான்டரெம் என்னும் ஊரில் ஆல்பிரெட் ரஸல் வாலஸ் அவருக்கு நண்பரானார். இயற்கைத் தேர்வுக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே வாலஸ்தான். அந்த நட்பு ஸ்புரூஸின் மரணத்துக்குப் பிறகும் நிலைத்தது.

அமேசானிலும் அதன் கிளையாறுகளிலும் கழிந்த ஆண்டுகளை நான் விரைவாகக் கடந்து போகிறேன்; அவற்றைச் சொல்ல ஒரு தனி இதழ் வேண்டும். ரப்பர் மரங்கள், பனை வகைகள், அந்த நாட்டுப் பழங்குடி மக்கள் சடங்கில் அருந்தும் மயக்கக் கொடி, அவர்களுடைய மொழிகளின் சொற்கள் என்று அவர் குறித்துவைத்தவை ஏராளம். 1854இல் ஓரினோகோ ஆற்றங்கரையில் காய்ச்சல் கண்டு பல வாரம் சாவின் வாசலில் கிடந்தார். பார்த்துக்கொள்ள அமர்த்திய பெண்ணே, எப்போது உயிர் போகும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாளாம். எப்படியோ பிழைத்தார்.

ஆனால் சமவெளிக் காட்டில் அவருக்கு ஒரு குறை இருந்தது. அந்த வெப்பத்தில் மாஸ்கள் குறைவு. அவர் கண் மேற்கே மலையைத் தேடிக்கொண்டே இருந்தது. 1855இல் பெரு நாட்டின் தாராபோட்டோவை அடைந்தார். ஆண்டீஸ் மலையின் கீழ்ச்சரிவு அங்கே தொடங்குகிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அங்கே தங்கிய பிறகு, 1857இல் ஈக்வடார் மலைநாட்டுக்குப் புறப்பட்டார். படகிலும் நடையிலுமாக மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வழி அது.

அந்த வழியில் நடந்த ஒன்றை நான் மறக்கவே இயலாது. கனேலோஸ் காட்டின் ஊடே மலையேறும்போது மழை விடாமல் கொட்டியது. டோப்போ என்னும் ஆறு பெருக்கெடுத்து வழியை மறித்தது. நாட்கள் கழிந்தன, ஆறு வடியவில்லை. உணவு குறைந்துகொண்டே வந்தது. சுமை தூக்கி வந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினர். முன்னே போகவும் முடியாது, பின்னே போகவும் முடியாது. அந்த நிலையில் ஸ்புரூஸ் என்ன செய்தார்? சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு கல்லும் மாஸ் போர்த்து நின்றன. தம் வாழ்நாளில் அத்தனை வளமான இடத்தை அவர் கண்டதில்லை. உட்கார்ந்து சேகரிக்கத் தொடங்கினார். பசியையும் அச்சத்தையும் ஒரு சிறு மாஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாவது மறக்கக் கிடைத்ததே என்று கடவுளுக்கு நன்றி சொன்னதாகப் பின்னர் எழுதினார். இறுதியில் பாறைக்குப் பாறை மூங்கில்களைப் போட்டுக் கட்டிய பாலத்தின்மேல் ஆளுக்கு ஆள் தொற்றிக் கரையேறினர். பெட்டிகளைக் கொண்டு வர இயலவில்லை. இலைகளால் மூடிக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். பாஞோஸ் என்ற மலையூரை அடைந்த பிறகு ஆட்களை அனுப்பி அவற்றை மீட்டார்.

என் நண்பரின் கேள்விக்கு முதல் விடை எனக்கு அங்கேதான் கிடைத்தது. ஆனால் அதை வைத்து வாதாட முடியாது என்பதும் தெரியும். பசித்தவனுக்குப் பாசி ஆறுதல் தந்தது என்றால் உலகம் ஒப்புக்கொள்ளாது. உலகம் ஒப்புக்கொள்ளும் பயன் இனிமேல்தான் வருகிறது.

அந்நாளில் முறைக்காய்ச்சலுக்கு இருந்த ஒரே சிறந்த மருந்து கொயினா. அது ஆண்டீஸ் மலையில் மட்டும் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. பட்டைக்காக மரங்களை வெட்டிச் சாய்த்துச் சாய்த்துக் காடு வெறிச்சோடிக்கொண்டிருந்தது. இந்தியாவில் சிங்கோனாத் தோட்டம் போட ஆங்கில அரசாங்கம் முடிவு செய்தது. செம்பட்டைச் சிங்கோனாவின் விதையையும் கன்றையும் ஈக்வடாரிலிருந்து அனுப்பும் பொறுப்பு 1859இல் ஸ்புரூஸிடம் வந்தது.

மரங்களைத் தேடி அலைந்தார். 1860 ஏப்ரல் 29ஆம் நாள் காலையில் கண் விழித்தபோது முதுகும் கால்களும் அசையவில்லை. அதற்குப் பின் வலியின்றி நிமிர்ந்து உட்கார்ந்த நாள் அவர் வாழ்வில் இல்லை. வேறொருவராயிருந்தால் பணியை விட்டிருப்பார். ஈக்வடாரில் அப்போது உள்நாட்டுப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. ஸ்புரூஸ் குதிரையின்மேல் ஏற்றப்பட்டு, சிம்பொராசோ மலையின் தோளைக் கடந்து, மேற்குச் சரிவில் லிமோன் என்னும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நிலத்துக்கு உரியவர்களிடம் பணம் கொடுத்து இசைவு பெற்றார். இங்கிலாந்திலிருந்து வந்த தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் கன்றுகளை வளர்த்தார். ஸ்புரூஸ் காய்கள் முற்றுவதற்குக் காத்திருந்து விதையை உலர்த்தினார். ஏறத்தாழ ஒரு லட்சம் விதைகள் சேர்ந்தன. 637 கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் நட்டு, தெப்பத்தில் ஏற்றி, ஆற்றின் வழியே குவாயாகில் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தனர். 1861 ஜனவரியில் கன்றுகள் கப்பல் ஏறின. அதே ஆண்டில் ஈக்வடார் அரசு சிங்கோனா விதையை வெளியே கொண்டு போகத் தடை போட்டது.

அந்த விதைகளும் கன்றுகளும் வந்து இறங்கிய இடம் உதகமண்டலம். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. கூடலூரிலிருந்து உதகைக்குப் பேருந்தில் ஏறும்போதெல்லாம் நான் நடுவட்டத்தைக் கடந்திருக்கிறேன். அங்கே பழைய சிங்கோனாத் தோட்டம் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மரத்தின் தாய்மரங்களுக்குக் கீழே கால் அசையாத ஒரு மனிதர் விதைக்காகக் காத்துக் கிடந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இங்கே ஒரு வியப்பு உண்டு. உதகையில் அந்த விதைகளை ஏற்று வளர்த்த தோட்டக் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மக்கைவர். அவர் இந்தியா வருமுன் 1847இல் பிரிட்டனின் ஈரல் செடிகளை உலர்த்தித் தொகுத்து வெளியிட்டவர். உலகின் இரு கோடிகளில், ஒரு மருந்து மரத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்குகிறார். இருவரும் பாசிப் பித்தர்கள்! அதோடு நிற்கவில்லை. மரத்தை வெட்டாமல் பட்டை எடுக்க மக்கைவர் ஒரு வழி கண்டார். பட்டையை நீளவாட்டில் பட்டைபட்டையாக உரித்து, அடிமரத்தைச் சுற்றி மாஸை வைத்துக் கட்டினார். மாஸின் ஈரத்துக்கும் நிழலுக்கும் அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்து முன்னைவிட மிகுதியாகவும் இருந்தது. பயனற்றது என்று எவரும் மிதித்துப் போகும் பொருள், நீலகிரியில் மரத்தின் புண்ணுக்குக் கட்டாயிற்று.

இதை அறிந்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். நண்பரின் அறைக்கு ஓடிப் போய், இதோ பயன் என்று சொல்லிவிடலாம் என்று புறப்பட்டேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. ஏனெனில் கதையின் மறுபக்கத்தையும் படித்திருந்தேன். சிங்கோனாவுக்காக வெட்டப்பட்டவை நீலகிரியின் சோலைக் காடுகள். நம் மலையில் மாஸும் ஈரல் செடியும் செழித்து வாழும் இடமே சோலைதான். நடுவட்டத் தோட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள். அரசாங்கத்தின் முதற்கவலை தன் படையும் அதிகாரிகளும். செம்பட்டை மரத்தில் கொயினாவின் அளவும் குறைவு. ஜாவாவில் டச்சுக்காரர்கள் வளர்த்த வேறொரு வகை பின்னர் உலகச் சந்தையைக் கைப்பற்றியது. காய்ச்சலில் கிடந்த எத்தனையோ உயிர்களைச் சிங்கோனா காத்தது உண்மை. இவையும் உண்மை. பயன் என்ற தராசில் இரண்டு தட்டு உண்டு என்பதை நான் அன்று கற்றேன்.

ஸ்புரூஸுக்கு அந்தப் பயனால் கிடைத்தது என்ன? 1861இல் குவாயாகிலில் வணிக நிலையம் ஒன்று முறிந்து, அவர் சேமிப்பின் பெரும்பகுதி போயிற்று. 1864இல், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், உடைந்த உடம்போடு இங்கிலாந்து திரும்பினார். 1865இல் ஆண்டுக்கு ஐம்பது பவுன் உதவித்தொகை கிடைத்தது. சிங்கோனாப் பணிக்காக இந்திய அரசாங்கம் மற்றோர் ஐம்பது பவுன் தர 1877 வரை நண்பர்கள் மன்றாட வேண்டியிருந்தது. சொந்த ஊருக்கு அருகே கோனிஸ்தார்ப் என்னும் சிற்றூரில் ஒரு சிறு குடிசையில் குடியேறினார்.

அங்கேதான் அவர் தம் முதற்காதலிடம் திரும்பினார். நுண்ணோக்கியின்முன் நிமிர்ந்து உட்கார முடியாது. பெரும்பாலும் படுத்த படுக்கை. வலி குறையும் சிறு பொழுதுகளில் காகித உறையைப் பிரிப்பார். காய்ந்து சுருண்ட துணுக்கின்மேல் ஒரு துளி நீர் விடுவார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் டோப்போ ஆற்றங்கரையில் கிள்ளிய செடி இலை விரித்து எழும். அந்தக் குடிசையில் அந்த நிமிடத்தை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். கால்கள் போன மனிதர், ஒரு துளி நீரால் ஆண்டீஸ் மலைக்குத் திரும்பிப் போகிறார்.

இப்படித் துளித்துளியாக எழுதிய நூல் 1884, 1885ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அமேசான், ஆண்டீஸ் பகுதிகளின் ஈரல் செடிகளைப் பற்றியது. எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உள்ளன. அவற்றில் ஐந்நூறுக்கு அருகே அவரே தம் கையால் எடுத்தவை. ஏறத்தாழ நானூறு அறிவுலகுக்குப் புதியவை. அவர் கொணர்ந்த மாஸ்களை மிட்டன் என்ற மற்றோர் அறிஞர் ஆய்ந்து 1869இலேயே வெளியிட்டிருந்தார்.

1893 டிசம்பர் 28ஆம் நாள் ஸ்புரூஸ் இறந்தார். டெரிங்டன் என்ற ஊரில் பெற்றோருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். மணம் செய்துகொள்ளவில்லை, மக்கள் இல்லை. சிதறிக் கிடந்த அவருடைய பயணக் குறிப்புகளை முதுமையில் வாலஸ் உட்கார்ந்து தொகுத்து, 1908இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அந்த நட்புக்காகவே வாலஸை இருமுறை வணங்கலாம்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, வெட்டுண்டது போக எஞ்சிய ஒரு சோலையில் நுழைந்தேன். நிழலில் நின்ற ஓர் இலையின்மேல் பச்சைப் புள்ளிகள்போல் ஏதோ ஒட்டியிருந்தது. கைக்கண்ணாடியில் பார்த்தால் அது புள்ளியன்று. இலையின்மேல் வாழும் ஈரல் செடி. ஊர் திரும்பி நுண்ணோக்கியில் வைத்து, நூலோடு ஒத்துப் பார்த்து, ட்ரெபனோலெஜூனியா என்ற பேரினம் என்று கண்டேன். செடியின் பெயருக்குப் பின் பெயரிட்டவரைக் குறிப்பது வழக்கம். அங்கே முதலில் அடைப்புக்குறிக்குள் நின்ற பெயர் ஸ்புரூஸ். ஆண்டீஸின் செடிகளை வகைப்படுத்த அவர் வகுத்த பிரிவு, நீலகிரியின் ஓர் இலைக்கும் பொருந்தி நின்றது. அவர் நம் மலையைக் கண்டதே இல்லை.

பயன் என்ன என்று நண்பர் கேட்டார். சிங்கோனாவைச் சொல்லி அவரை வெல்ல எனக்கு இப்போது விருப்பமில்லை. பார்க்கப்படாமல் கிடந்த ஒன்றை ஒருவர் பொறுமையோடு பார்த்து, உண்மையாகப் பெயரிட்டு வைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, வேறொரு மலையில் வேறொரு மொழிக்காரனுக்கு அது கைவிளக்காயிற்று. என்னிடம் உள்ள விடை இவ்வளவுதான். இது போதுமா என்று நண்பர்தாம் சொல்ல வேண்டும்.

அடுத்த மழை பெய்ததும் விடுதியின் பின்பக்கச் சுவர் மறுபடி பசுமை கொள்ளும். கைக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. பொறியியல் நண்பரை முதலில் அழைத்திருக்கிறேன். விருப்பமுள்ள மற்றவர்களும் வரலாம். குனிந்து பார்க்க முதுகு நேராக இருந்தால் போதும். அது வாய்த்தவர்கள் நாம்.